யாரோ கட்டின புடவை

கடை திறந்த முதல் வாரத்தில் என்னைத் தேடி வந்த முதல் சரக்கு ஒரு மூட்டை உள்பாவாடை. நாடா இல்லாத உள்பாவாடைகள், அக்குளில் மஞ்சள் ஏறிய பனியன்கள், ஓரம் பிய்ந்த துண்டுகள். காரில் வந்த அம்மாள் இறங்கக்கூட இல்லை. கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொண்டு, மூட்டையை எடுத்துக் கொடுக்கும்படி டிரைவரிடம் கை காட்டினார்.

"ஏழைங்க யாருக்காவது குடுத்துடுங்க. உங்களுக்கும் புண்ணியம்."

"இது தர்மத்துக்கு வெச்ச இடம் இல்லீங்க. பழைய துணி வாங்கி விக்கிற கடை."

"அப்ப வித்துக்கோங்க," என்றார், ஏதோ பெரிய மனசு பண்ணியதுபோல. கார் போய்விட்டது. அந்த மூட்டையை வெறும் கையால் பிரித்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

துணியைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் புதிதல்ல. அதை வைத்துத்தான் சென்னையில் பன்னிரண்டு வருஷம் சம்பாதித்தேன். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் துணியை விரித்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தையல் கோணினால் கழிவு, ஒரு இழை விட்டுப்போனால் கழிவு. கழித்த துணியை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாதாம். முதுகில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டித்தான் வெளியே அனுப்புவார்கள். நல்ல நல்ல சட்டைகள். நாள் முழுக்க அந்தக் கத்தரிச் சத்தம் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் தூக்கத்திலும் அதுவே கேட்கத் தொடங்கியது. வேலையை விட்டேன். கணவருக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்துக்கு மாற்றல் கிடைத்தது. பக்கத்துக் கீழ்பென்னாத்தூர்தான் என் பிறந்த ஊர் என்பதால் திருவண்ணாமலை எனக்கு அந்நியமும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குகிற ஆசிரமப் பக்கத்துச் சாலையில் ஒரு சின்னக் கடையைப் பிடித்தேன்.

வாசலில் ஒரு பலகை மாட்டினேன். "துணிக்கு ஞாபகம் கிடையாது. துவைத்தால் எல்லாமே புதுசு. எதையும் வீணாக்க வேண்டாம்." வாசகம் என்னுடையதுதான். எழுதி முடித்ததும் நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்து ரசித்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

என் கணவர் அந்தப் பலகையை ஒருமுறை படித்தார். "ஆபீஸ்ல எங்க வீட்ல பொட்டிக் வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கேன். பழைய துணின்னு யார்கிட்டயும் சொல்லிக்காத," என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

ஊர்க்காரர்கள் விற்க வந்தார்கள், வாங்க வரவில்லை. உள்ளே வந்து ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா கீதே, என்ன வெல?" என்பார்கள். பழசு என்று சொன்ன உடனே விரல்களை இடுப்பில் துடைத்துக்கொள்வார்கள். "யாரு கட்டினதோ, எவ கட்டினதோ." அதே ஆட்கள்தான் வீட்டில் ஒருவர் போன பத்தாம் நாள் மூட்டையோடு வந்து நிற்பார்கள். செத்தவர் துணி என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. படுக்கை விரிப்பில் முடிச்சுப் போட்டு வருகிற துணி அவர்களுடையது. எத்தனை உருப்படி என்று எண்ண மாட்டார்கள். சட்டைப் பையைத் துழாவ மாட்டார்கள். வெளியே போகும்போது திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு சட்டைப் பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருந்தது. இன்னொன்றில், மடித்து வைத்த பஸ் டிக்கெட்டும் ஒரு பொட்டுக்கடலை மிட்டாயும். அந்தத் துணியில் வீசிய மருந்து வாடைகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த அவசரம்தான் குமட்டியது.

வாங்கியவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களிடம் வேறு மாதிரியான குமட்டல். பழைய பட்டை முகத்தில் வைத்து மூச்சை இழுத்து, கண்ணை மூடி, இதற்குள் ஒரு கதை இருக்கிறது என்பார்கள். உள்ளே இருந்தது நாப்தலின் உருண்டை வாசம். ஆனால் கதை சொன்னால் புடவை போய்விடுகிறது என்று தெரிந்த பிறகு நானும் சொல்ல ஆரம்பித்தேன். இது ஒரு நாட்டியக்காரியுடையது, இது ஜமீன் வீட்டு மருமகளுடையது. துணிக்கு ஞாபகம் கிடையாது என்று வெளியே எழுதிவைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து இல்லாத ஞாபகத்தை விற்றேன். வாய் கூசவில்லை. வியாபாரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

எனக்குத் துணி கொண்டுவந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் பாத்திரக்கார அம்மா. கிராமம் கிராமமாகப் போய் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பதிலுக்குப் பழைய துணி வாங்குகிறவர். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு சாக்கோடு வந்து இறங்குவார். மற்றவர் எதிர்ச்சாரி லாட்ஜில் கூட்டிப் பெருக்குகிற அக்கா. பௌர்ணமி முடிந்த மறுநாள் லாட்ஜ் அறைகள் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மலை சுற்றி வந்தவர்கள் நனைந்த வேட்டியையும் சேறு ஒட்டிய சுடிதாரையும் குளியலறையில் குவித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கர்மம் தொலைந்ததாம். தொலைந்த கர்மத்தை அலசிப் பிழிகிறவர் இந்த அக்கா. தேறுவதை என்னிடம் கொண்டுவருவார்.

அவர்தான் ஒருநாள் ஹேங்கரில் தொங்கியதையெல்லாம் சாவகாசமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இதெல்லாம் நீங்க கட்டுவீங்களா?"

"ஏன் கட்ட மாட்டேன்? நல்லா தொவச்சா எதுவும் புதுசுதான்க்கா."

அவர் என் உடம்பைப் பார்த்தார். நான் அன்று கட்டியிருந்தது கைத்தறிப் புடவை, புத்தம் புதுசு. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

உண்மை இதுதான். கடை வைத்து எட்டு மாதத்தில் அங்கிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நான் என் உடம்பில் போட்டதில்லை. வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவேன். தூசி ஒத்துக்கொள்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரலை இடுப்பில் துடைத்துக்கொண்ட அந்தப் பெண்களைவிட நான் ஒரு படி கீழே என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை பாத்திரக்கார அம்மாவின் சாக்கிலிருந்து ஒரு பட்டுப்புடவை வந்தது. அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை, கரை நெடுக ஜரிகை மாங்காய். மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓரம் அடிக்கவில்லை, ரவிக்கைத் துணி வெட்டவில்லை. அந்த நேரம் பார்த்து லாட்ஜ் அக்கா வந்தார். புடவையைப் பார்த்து நின்றவர் நகரவே இல்லை.

"எம் பொண்ணுக்கு வர்ற வெள்ளிக்கெழம நிச்சயம் பண்றோம்மா. மாப்பிள்ள வீடு வேங்கிக்கால்ல சொந்த வீடு. அன்னிக்கு சம்பந்தியம்மா பக்கத்துல நான் நிக்கணும்ல. பெருக்கறவன்னு மொகத்துல எழுதியா ஒட்டிக்கினு நிக்கிறது? இத எனக்கு எடுத்து வெச்சிடுங்க. வேற யாருக்கும் காட்டாதீங்க."

அவர் எதையும் கேட்டு வாங்குகிறவர் அல்ல. அந்தக் குரலில் இருந்த ஆசை எனக்கே புதிதாக இருந்தது. எடுத்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை, கொடுப்பதற்கு முன்னால் வழக்கம்போல் மேசையில் விரித்துப் பார்த்தேன். பழைய வேலையின் பழக்கம் போகவில்லை. கரையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் முந்தானைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டேன். அத்தனை மாங்காய்க்கும் காம்பு இருந்தது. ஒரே ஒரு மாங்காய்க்கு மட்டும் இல்லை.

அந்தக் காம்பில்லாத மாங்காயை எனக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே விரலால் அதைத் தொட்டுக் காட்டிக் கடைக்காரரிடம் முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று வீட்டில் என் அம்மா ஐஸ் பெட்டியில் கிடந்தாள்.

எங்கள் பக்கம் இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு புதுத்துணி கொண்டுவந்து போர்த்துவார்கள். கோடி என்போம். கோடிக்கென்றே துணிக்கடைகளில் ஒரு ரகம் உண்டு. கொசுவலைக்கும் அதற்கும் வித்தியாசம் கம்மி. நெருப்பில் போகப் போவதற்கு எதற்கு நல்லது என்று எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள். நான் பட்டு வாங்கினேன். அப்பா இருக்கும்போதே அம்மா போனதால் அரக்கு நிறத்தில் வாங்கினேன். பாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயம் அது. வேலைக்குப் போனதிலிருந்து நான் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் கம்பெனியில் கழித்த நைட்டிகள். முதுகில் கத்தரி விழுவதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் கெஞ்சி எடுத்து வந்தவை. கை ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவள் அதையெல்லாம் போட்டுக்கொண்டு, எம் பொண்ணு பாரின் துணி கொண்டாந்திருக்கா என்று தெருவில் காட்டினாள். செத்த பிறகு பட்டு வாங்கினேன். அதிலும் பழுது கண்டுபிடித்துப் பேரம் பேசினேன். என் மேல் எனக்கு வந்த அருவருப்புக்கு அந்த உள்பாவாடை மூட்டை ஒன்றுமே இல்லை.

அந்தப் புடவை அம்மாவோடு எரிந்துபோயிற்று என்றுதான் நான்கு வருஷமாக நினைத்திருந்தேன்.

பாத்திரக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். அரக்குப் பட்டு எந்த ஊரில் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அதுவா கண்ணு, கீழ்பென்னாத்தூர்ல. நீலக் கேட்டு, வாசல்ல டிராக்டர் நிக்கும். பட்டாச்சேம்மா, காசாவே வாங்கிக்கோன்னேன். காசு வாணாம், பெரிய இட்லிக் குண்டானா குடுன்னுட்டாங்க. துணியத் தொடக்கூட இல்ல, குச்சியால தள்ளினாங்க."

நீலக் கேட்டு என் அண்ணன் வீடு. அந்த இட்லிக் குண்டானையும் எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது அண்ணி அதைத் தூக்கிக் காட்டினாள். ஒரே ஈட்டுக்கு முப்பது இட்லி வேகுமாம். பூ மாதிரி இருக்கிறது என்று பாராட்டி நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். கடையின் பின்பக்கம் ஓடிப்போய்க் குழாயடியில் குனிந்தேன். வெறும் காப்பிதான் வந்தது.

வாயைக் கழுவிக்கொண்டு அண்ணிக்குப் போன் போட்டேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"அம்மா மேல நான் போட்ட பட்டு எங்க அண்ணி?"

"எடுத்துட்டேன். பொணத்த தூக்கறதுக்கு முன்னாடி எல்லாக் கோடியும் உருவி ஒரு ஓரமா போட்டாங்கல்ல, அப்ப எடுத்து பீரோவுல வெச்சேன். அவ்ளோ வெல போட்டது, நெருப்புல போட மனசு வரல."

"அப்ப கட்ட வேண்டியதுதானே?"

"பயமா இருந்துது. நாலு வருஷம் பீரோவத் தெறக்கும்போதெல்லாம் பயமா இருந்துது. உங்கம்மா உள்ள உக்காந்துக்கினு பாக்கற மாதிரியே இருக்கும். குண்டான்காரம்மா வந்தாங்க, தள்ளிவுட்டேன்."

"அசிங்கமா இல்லையா அண்ணி உங்களுக்கு?"

"எனக்கு இன்னா அசிங்கம்? துணிய வீணாக்கக் கூடாதுன்னு நீதான பலகை எழுதி மாட்டி வெச்சிருக்க? நான் வீணாக்கல. நீ விக்கற. நான் குண்டான் வாங்கினேன். நீ இன்னா வாங்கப் போற?"

போனை வைத்துவிட்டேன். கடை வாசலுக்கு வந்தால் பலகை கண்ணில் பட்டது. துணிக்கு ஞாபகம் கிடையாதாம். கழற்றி உள்ளே சுவரோரம் திருப்பி வைத்தேன்.

புடவை மேசை மேல் கிடந்தது. வெள்ளிக்கிழமை அதை லாட்ஜ் அக்கா கட்டிக்கொண்டு சம்பந்தி முன்னால் நிற்க வேண்டும். சொல்லாமல் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எட்டு மாதமாக நான் செய்ததே அதுதானே. ஜமீன் வீட்டு மருமகள் என்று அளந்த வாய்க்கு இது என்ன பெரிய விஷயம்? ஆனால் பெண்ணின் நிச்சயத்துக்குக் கோடிப் புடவையைக் கட்டி ஒரு தாயை நிறுத்துவது எனக்கு முடியவில்லை. சொன்னால், என்னிடம் வாங்க வந்த ஒரே உள்ளூர்க்காரியும் இனி என் கடை வாசலை மிதிக்க மாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் புடவையைத் தொட்டார். கரையைத் தடவிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார்.

"இங்க ஒரு மாங்காக்குக் காம்பு இல்லியேம்மா. பாத்துக் கொறச்சுக்கோங்க."

அதைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் பெட்டி, முந்நூறு ரூபாய், நைட்டிகள், பீரோ, இட்லிக் குண்டான், எதையும் விடவில்லை. பாதியிலேயே அவர் புடவையை மேசை மேல் மெதுவாக வைத்துவிட்டார். கையைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டார். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை.

"நான் கட்ட மாட்டேன்மா," என்றார். "பொண்ணு விசேஷம். மனசு ஒத்துக்காது."

"தெரியும்க்கா."

"உங்கம்மா உசுரோட இருக்கும்போது இதப் பாத்தாங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூட கட்டல."

"இல்லக்கா."

"அப்ப இது பழசு இல்லியே. பழசு விக்கற கடையில இத எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். பிறகு ஹேங்கர்களைத் தள்ளித் தள்ளி ஒரு கரும்பச்சைப் பட்டை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். "இது யாருது?"

"தெரியாதுக்கா. ஒரு ரிட்டயர்டு டீச்சர் அவங்களே கொண்டாந்து குடுத்தாங்க. நல்லா இருக்காங்க."

"டீச்சருதுன்னா போதும்." விலை கேட்டு, குறைக்கச் சொல்லி, வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார். "வெள்ளிக்கெழம நீங்க வரணும். வரும்போது அதக் கட்டிக்கினு வாங்க. பெத்தவ பொடவ பொண்ணுக்கு இன்னா தோஷம்? எனக்குத்தான் ஆவாது."

இரண்டு நாள் அந்தப் புடவையைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு எடுத்தேன். புதுத்துணி கட்டினால் மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும் என்பது அம்மா விடாத பழக்கம். அந்தக் கழித்த நைட்டிகளின் மூலையில்கூட வைத்துத்தான் போட்டுக்கொண்டாள். நான் மஞ்சளைக் குழைத்து வைத்தேன். கழுத்தோரம் ஜரிகை உறுத்தியது. பீரோ வாசம் வந்தது. குமட்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. என் கணவர் பார்த்துவிட்டு, புதுசா என்று கேட்டார். நான் செருப்பைப் போட்டேன்.

வேங்கிக்காலில் மாப்பிள்ளை வீட்டு மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். கரும்பச்சைப் பட்டில் அக்கா சம்பந்தியம்மாவுக்குச் சமமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குங்குமத் தட்டோடு வந்தார். அவர் கண் ஒருமுறை கரையில் இறங்கி ஏறியது. பக்கத்தில் வந்த சம்பந்தியம்மா என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்களே. புதுசா? எங்க எடுத்தீங்க?"

எட்டு மாதமாக எத்தனையோ புடவைக்கு எத்தனையோ பொய் சொன்னவள் நான். இதற்கு மட்டும் எதையும் யோசித்து வைக்கவில்லை.

"எங்கம்மா கட்டினதுங்க," என்றேன்.

அக்கா தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார்.

"அப்படியா? ஒரு தடவகூட கட்டாத மாதிரி இருக்குது," என்றார் சம்பந்தியம்மா. "ரொம்பப் பத்திரமா வெச்சிருந்திருக்காங்க."

ஆமாங்க என்று சொல்லிவிட்டுக் குங்குமம் எடுத்துக்கொண்டேன்.